கண்டு வந்தவன் கடன்

தைப் பொங்கல் கழிந்து சில நாட்களில், ஒரு மாலைப் பொழுதில், சேரன்மகாதேவிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் தம் மகனுடன் நம்மைக் காண வந்தார். மகன் கட்டடக்கலை பயில்கிறான். இது நான்காம் ஆண்டு. அவனுடைய கல்லூரி ஆண்டுதோறும் மாணவர் சிலரை அயல்நாட்டுக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள கட்டடங்களையும் மக்களின் வாழ்க்கை முறையையும் நேரிற் கண்டு குறிப்பெடுத்து வரச் செய்கிறதாம். இம்முறை இத்தாலி. பன்னிரண்டு நாள், ஐந்து நகரங்கள். செலவுத் தொகையை வாயாற் சொல்லக் கூசிய தந்தை, அது குறித்திருந்த தாளை மேசைமேல் வைத்தார். தாலிச் சங்கிலி நீங்கலாக வீட்டிலுள்ள நகையெல்லாம் அடகுக்குப் போனாலன்றி அத்தொகை சேராது என்பது அவர் பேச்சிலிருந்து விளங்கியது.

"சாமி, நீங்க ரோமாபுரியெல்லாம் பாத்துட்டு வந்தவிய. போய்ப் பாத்துட்டு வந்தா இவன் படிப்புக்கு ஆகுமா? ஆகும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா அனுப்பிருதேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "நீங்களும் பாத்துட்டு வந்துதான அந்தக் கோயிலக் கட்டுனிய" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் சொல்லில் குத்தல் ஏதுமில்லை. அப்படிப் பேசுகிற இயல்பினரும் அவர் அல்லர். ஞாயிறு திருப்பலிக்குப் பின் வாருங்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அவர் குறிப்பிட்ட 'அந்தக் கோயில்' நம் நெஞ்சில் நெடுநாளாகத் தைத்திருக்கும் முள். இந்தப் பக்கங்களில் நம் எழுத்தைத் தொடர்ந்து படிக்கும் வாசகர்க்கு அதனை இதுவரை நாம் சொன்னதில்லை.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், உரோமையில் இறையியல் மேற்படிப்பை முடித்துத் திரும்பிய சூட்டோடு, ஒரு சிற்றூர்ப் பங்கின் பொறுப்பு நமக்குக் கிடைத்தது. எந்த ஊர் என்பது இங்கு வேண்டுவதில்லை. அங்கே பழைய கோயில் ஒன்று இருந்தது. கனத்த சுண்ணாம்புக் காரைச் சுவர். பனங்கைச் சட்டங்களின்மேல் நாட்டோடு வேய்ந்த தாழ்ந்த கூரை. வடபுறமும் தென்புறமும் நீண்ட தாழ்வாரம். கைக்குழந்தைக்காரிகள் தாழ்வாரத்திலேயே அமர்ந்து பூசை காண்பார்கள், குழந்தை அழுதால் எழுந்து நடப்பார்கள், எவருக்கும் இடையூறில்லை. சித்திரை வெயிலில் வெளியிலிருந்து உள்ளே நுழைந்தால் ஆற்றில் இறங்கியது போலிருக்கும். இவ்வளவும் இப்போது நினைவுக்கு வருகிறது. அன்றோ, கூரை தாழ்வு, இடம் நெருக்கம், அழகில்லை என்பவை மட்டுமே நம் கண்ணிற் பட்டன. தூய பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தின்கீழ் எத்தனையோ முறை கழுத்து வலிக்க அண்ணாந்து நின்ற கண்ணல்லவா!

இடித்தோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்த காரை அது. கடப்பாரை பட்டுத் தெறித்ததே தவிரச் சுவர் எளிதில் அசையவில்லை. மூன்றாம் நாள் முதிய கொத்தனார் ஒருவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, "சாமி, இது நல்லாத்தான் இருக்கு" என்றார். நாம் கேட்டுக்கொண்டோம்; வேலை தொடர்ந்தது. அன்று கையாளாக நின்று கல் சுமந்த இளைஞர்தாம், இன்று மகனைக் கூட்டிக்கொண்டு வந்தவர்.

புதிய கோயில் எழுந்தது. கான்கிரீட்டுத் தூண்கள், குவிமாடம், மேற்குச் சுவரில் நெடிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். அபிடேக நாளில் பாராட்டுரைகள் பல. பெரிய கோயில் வேண்டும் என்று கேட்டவர்களும் மக்களே என்பது உண்மை; ஆயினும் அதனை நமக்குச் சான்றாகக் கூட்டுவது அழகன்று. மாலைத் திருப்பலியின்போது மேற்கு வெயில் அக்கண்ணாடிகளின் வழியே மக்களின் பிடரியிலும் பீடத்திலும் அனலாய் இறங்கும். குருவின் குரல் குவிமாடத்தில் மோதி இரண்டாகவும் மூன்றாகவும் திரும்பி வரும். மறையுரையில் பாதி எவருக்கும் விளங்காது. சுற்றிலும் மின்விசிறிகள் வைத்தார்கள். அவற்றின் இரைச்சலும் சேர்ந்துகொண்டது. இன்றும் அவ்வூர் மூதாட்டியர் சிலர் வெளியே வேப்பமர நிழலில் அமர்ந்தே பூசை காண்கின்றனர். தாழ்வாரத்தை நாம் இடித்தோம். அவர்கள் அதனை மரத்தடியில் மீண்டும் அமைத்துக்கொண்டார்கள்.

அரசர் இரண்டாம் நூலின் 16ஆம் அதிகாரத்தைக் குருமடத்தில் எத்தனையோ முறை படித்திருப்போம். யூதாவின் அரசன் ஆகாசு, அசீரிய மன்னனைச் சந்திக்கத் தமஸ்கு நகருக்குப் போகிறான். அங்கே ஒரு பலிபீடத்தைப் பார்க்கிறான். உடனே அதன் அமைப்பையும் மாதிரியையும் எருசலேமிலிருந்த குரு உரியாவுக்கு அனுப்பிவைக்கிறான். அரசன் ஊர் திரும்புமுன் உரியா அப்படியே கட்டி முடித்துவிடுகிறார். ஆண்டவர் திருமுன் இருந்த பழைய வெண்கலப் பீடம் ஓரமாக ஒதுக்கப்படுகிறது. அயல்நாட்டுக் கட்டடத்தைக் கண்டு வந்து தன் ஊரில் நட்டவன் கதை விவிலியத்திலேயே இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. உரியா ஒரு கேள்வியும் கேட்டதாக நூலில் இல்லை என்பதை நம் போன்ற குருக்கள் கவனிக்க வேண்டும். நம் செய்தியிலோ, அனுப்பிய அரசனும் கட்டிய குருவும் நாமே.

இதனால் வெளிநாடு சென்று பார்ப்பதே வீண் என்று சொல்ல வரவில்லை. அவ்வாறு முடிவு கட்டிவிட்டால் கொத்தனாருக்கு விடை சொல்வது எளிது, நகையும் மிஞ்சும். நம்மை வருத்திய கேள்வி வேறு. நாம் ஆண்டுக்கணக்கில் உரோமையில் இருந்தோம், கண் இருந்தது, நேரமும் இருந்தது. பின் ஏன் பார்க்கவில்லை?

தூய தோமா அக்குவினார், காணப்படும்போது மகிழ்வு தருவதே அழகு என்னும் கருத்தைச் சொல்லிச் செல்வார். அங்கே காட்சி என்பது கண்ணோடு நிற்பதன்று, அறிவும் சேர்ந்த காட்சி என்று நம் பேராசிரியர்கள் விளக்கியதுண்டு. அதனைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் வகுப்பறையிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் எட்டக்கூடிய பாந்தியனை அவ்வாறு பார்த்தோமா என்றால், இல்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அத்ரியன் பேரரசன் காலத்தில் எழுந்தது அது. இரும்புக் கம்பி இல்லாத கான்கிரீட்டால் ஆன அதன் குவிமாடத்தின் விட்டம் 43 மீட்டருக்கு மேல். 609ஆம் ஆண்டில் அது கிறித்தவக் கோயிலாயிற்று. உச்சியில் வட்டமாக ஒரு பெருந்திறப்பு. அதற்கு மூடி இல்லை. மழை பெய்தால் நடுக்கூடத்தில் பெய்யும். தரை கண்ணுக்குத் தெரியாத அளவில் சரிந்திருக்கிறது. சிறு துளைகளின் வழியே நீர் இறங்கிப் போய்விடும். இதனைக் கண்டு வியந்து ஊருக்குக் கடிதம் எழுதினோம்.

அந்தக் கடிதத்தைப் பெற்ற நம் பாட்டியின் வீட்டு நடுவிலும் ஒரு முற்றம் இருந்தது. அதற்கும் மேலே கூரை இல்லை. மழை பெய்தால் வீட்டு நடுவே பெய்யும். கல் பாவிய தரை ஒரு மூலைக்குச் சரிந்திருக்கும். தூம்பு வழியே நீர் தெருவுக்குப் போகும். முற்றத்திலிருந்துதான் பட்டாசலுக்கும் அடுக்களைக்கும் வெளிச்சமும் காற்றும் வந்தன. உரோமையில் நாம் வியந்தது, வானத்தை வீட்டுக்குள் விட்டு மழையை வெளியே அனுப்பும் அறிவைத்தான். அந்த அறிவு நாம் தவழ்ந்த தரையிலேயே இருந்தது. இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்க்க நமக்குத் தோன்றவே இல்லை. உரோமையின் பெருமையைக் கண்டோமே தவிர அதன் காரணத்தைக் கேட்கவில்லை. வடநாட்டுப் பேராலயங்களில் சாளரம் ஏன் அவ்வளவு நெடிது? அங்கே கதிரொளி அருமையானது. இங்கோ, கதிரவனிடமிருந்து தப்பி ஒதுங்கவே நம் முன்னோர் கட்டடம் கட்டினார்கள். காரணத்தை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் கொண்டுவந்தால் மூதாட்டியர் வேப்பமரத்தடிக்குத்தான் போவார்கள்.

திருச்சபை இதனை நமக்குச் சொல்லாமலும் இல்லை. 1963இல் வெளிவந்த திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டின் 123ஆம் எண், எந்தக் கலைப் பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொள்ளவில்லை என்றும், மக்களின் இயல்புக்கும் சூழலுக்கும் ஏற்ற வடிவங்களை ஏற்றது என்றும் தெளிவுபடுத்துகிறது. அதையும் படித்திருந்தோம். படிப்பு குறைவாக இருந்ததனால் நேர்ந்த பிழை அன்று அது.

அயல்நாட்டான் ஒருவன் இங்கு வந்து எவ்வாறு பார்த்தான் என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலேயே ஒரு சான்று உண்டு. இலாரி பேக்கர் இங்கிலாந்தில் 1917இல் பிறந்தவர். 1945இல் தொழுநோயாளர்க்கான மருத்துவ இல்லங்கள் அமைக்கும் பணிக்காக இந்தியா வந்தார். காந்தியடிகளைப் பம்பாயில் சந்தித்தபோது, ஒரு வீட்டுக்கான பொருளெல்லாம் அவ்வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைப்பனவாக இருக்க வேண்டும் என்று அடிகள் சொன்ன கருத்தை வாழ்நாள் முழுதும் நெஞ்சில் வைத்திருந்தார். இமயமலைப் பக்கத்துப் பித்தோராகட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்து, மலைவாழ் மக்கள் கல்லும் மண்ணும் கொண்டு எப்படிக் கட்டுகிறார்கள் என்று கற்றுக்கொண்டார். இங்கிலாந்தில் தாம் கற்றது இங்கு அவ்வளவாக உதவாது என்று உணர்ந்து, எழுத்தறியாத கொத்தரிடம் மாணவரானார். பின்னர்த் திருவனந்தபுரத்தில் குடியேறி, அங்கு இலொயோலா வளாகத்தில் 1971இல் அவர் கட்டிய சிற்றாலயம் செங்கல்லால் ஆனது. துளையிட்ட செங்கற் சுவர்களின் வழியே காற்றும் ஒளியும் வடிகட்டி வருகின்றன. ஓர் ஆங்கிலேயர், குவேக்கர் சபையினர், கத்தோலிக்கருக்குக் கட்டிய கோயில் அது. கேரளத்து வெயிலையும் மழையையும் அவர் அறிந்த அளவு, தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாம் நம் வெயிலை அறியவில்லை.

கட்டடங்களைக் காண மாணவரை அனுப்பும் வழக்கம் பழையது. பிரெஞ்சு அரசு 1666இலேயே உரோமையில் ஒரு கலைக்கழகம் நிறுவித் தம் இளைஞரை ஆண்டுக்கணக்கில் அங்கே இருத்திப் பழைய கட்டடங்களை அளக்கவும் வரையவும் செய்தது. ஒரு தூணின் அடிப்பகுதியை வரையவே நாட்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். பன்னிரண்டு நாளில் ஐந்து நகரங்கள் என்பது அதன் பேரப்பிள்ளை போலும். முகச்சாயல் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. தாத்தாவின் பொறுமை இல்லை. கைப்பேசி ஒவ்வொரு முகப்பையும் ஒரு நொடியில் விழுங்கிக்கொள்ளும். பார்க்க வேண்டியதைப் பிறகு பார்க்கலாம் என்று மனம் ஒத்திவைத்துக்கொள்ளும். இதைச் சொல்லும்போது வயதானவரின் முணுமுணுப்புப் போலத் தோன்றலாம். நாம் ஆண்டுக்கணக்கில் இருந்தும் பார்க்கவில்லை என்பதை முன்னரே ஒப்புக்கொண்டதால், காலத்தின் நீளத்தைப் பற்றி அதிகம் பேசும் உரிமை நமக்கில்லை.

செலவைப் பற்றி ஒரு சொல். அயல்நாட்டுக் கல்விப் பயணம் பாடத்தின் பகுதி என்று ஒரு கல்லூரி ஆக்குமானால், கொத்தனாரின் மகனும் வணிகரின் மகனும் ஒரே வாசல் வழியாக அதற்குள் நுழைய வழி செய்திருக்க வேண்டும். போகாதவன் மதிப்பெண் குறையாது என்று சொல்கிறார்களாம். மதிப்பெண் குறையாமல் இருக்கலாம்; வகுப்பில் மற்றவர்கள் பேசும்போது தலை குனிந்திருப்பதற்கு மதிப்பெண் இல்லை. நகை அடகுக்குப் போவது அந்தக் குனிந்த தலைக்காகவே.

ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்த நாட்களில் இன்னொன்றும் நம் நினைவில் வந்து உறுத்தியது. அந்தக் கொத்தனாரும் அயல்நாடு சென்றவர்தாம். துபாயில் ஆறு ஆண்டுகள். கம்பி கட்டுதல், பலகை அடைத்தல், உயரத்தில் சாரம் அமைத்தல் எல்லாம் அங்கே கற்றார். அதனைக் கல்விப் பயணம் என்று எவரும் சொல்லவில்லை. அவர் கண்டு வந்தது என்ன என்று ஊரில் எவரும் கேட்கவில்லை; பங்குத்தந்தையாகிய நாமும் கேட்கவில்லை. எத்தனை அனுப்பினார், எப்போது வீடு கட்டினார் என்பதே கேள்வியாயிருந்தது. அவர் வேலை செய்த பெரிய விடுதி ஒன்றைப் பற்றி ஒரு முறை அவரே சொன்னார். முப்பதாவது மாடிவரை தம் கையால் பூச்சு வேலை செய்ததாகவும், திறப்பு விழாவுக்குப் பிறகு ஒரு நாள் தெருவிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது காவலர் வந்து விலகிப் போகச் சொன்னதாகவும். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சாலமோன் ஆண்டவர்க்குக் கட்டிய கோயிலை நாம் புகழ்ந்து பேசுகிறோம். லெபனோனின் கேதுரு மரம், தீர் நகரத்துக் கைவினைஞன் ஈராமின் வெண்கல வேலை என்று அந்தக் கோயிலே அயல்நாட்டு அறிவால் எழுந்ததுதான். அதே நூல், 30,000 பேரைக் கட்டாய வேலைக்கு எடுத்ததையும், 70,000 பேர் சுமை சுமந்ததையும், 80,000 பேர் மலையில் கல் வெட்டியதையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. தூய பேதுரு பேராலயத்தின் அடிக்கல் 1506இல் நாட்டப்பட்டது; 1626இல் அபிடேகம். அதற்குப் பொருள் திரட்டப் பாவத்தண்டனைக் குறைப்புச் சலுகைகள் விலை பேசப்பட்டதும், அதனால் திருச்சபை பிளவுண்டதும் வரலாறு. அண்ணாந்து பார்த்தபோது இவையும் நமக்குத் தெரிந்தே இருந்தன. ஆனால் தெரிந்தது மூளையின் ஓர் அறையிலும் பார்த்தது இன்னோர் அறையிலும் இருந்தன. நடுவே கதவு இல்லை.

அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்த ஒருவர் நம் பக்கத்திலேயே வாழ்ந்தார். தனிநாயகம் அடிகளார் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913இல் பிறந்தவர். உரோமையில் பயின்று, 1938இல் குருப்பட்டம் பெற்று, தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்று, 1940இல் வடக்கன்குளத்துப் பள்ளிக்கு வந்தார். இலத்தீனும் இத்தாலியமும் ஐரோப்பிய இலக்கியங்களும் அறிந்த அந்த இளங்குரு, தமக்குத் தமிழ் இலக்கியம் தெரியவில்லை என்பதை உணர்ந்து, பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் முறையாகப் பாடம் கேட்கத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகவே போய் அமர்ந்தார். உரோமை அவர்க்குச் செய்த உதவி, தம் வீட்டில் தாம் திறந்து பாராத பெட்டி ஒன்று உண்டு என்று காட்டியதுதான்.

அதன் பிறகே அவருடைய பெரும் பயணங்கள் தொடங்கின. உலகின் பல கண்டங்களில் அவர் நடந்தார். தாய்லாந்து அரசவை அந்தணர் ஓதும் பாடல்களில் நம் திருவெம்பாவை வாழ்வதை எடுத்துரைத்தார். தென்கிழக்காசியக் கோயில்களிலும் கலைகளிலும் தமிழகத்தின் தடங்களைத் தேடினார். அவர் பயணங்களின் கனியாக 'ஒன்றே உலகம்' 1966இல் வெளிவந்தது. அதே ஆண்டில் கோலாலம்பூரில் முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அவர் முயற்சியால் கூடியது. ஐரோப்பிய நூலகங்களில் தூசி படிந்து கிடந்த பழந்தமிழ் அச்சு நூல்களையும் அவர் வெளிக்கொணர்ந்தார். புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்ணிற் பட்டது. நம் தாமிரபரணி கடலில் கலக்கும் ஊரில் வாழ்ந்தவர் எழுதியது. நம் மீனவர்க்காக எழுதப்பட்டது. அது எங்கே இருக்கிறது என்று அறிய ஒருவர் உரோமை வரை போக வேண்டியிருந்தது. போனவர் பலர். எதைத் தேட வேண்டும் என்பதை வடக்கன்குளத்தில் கற்றவர் இவர்.

வடக்கன்குளம் என்றதும் அங்குள்ள கோயிலின் வரலாற்றைச் சொல்லாமல் நகர்வது நேர்மையாகாது. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் எழுந்த அக்கோயிலில் மக்கள் அமரும் கூடம் இரண்டு; இரண்டும் ஒரே பீடத்தில் வந்து சேரும்; இடையே சுவர். சாதி நோக்கி எழுப்பிய சுவர் அது. ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைக் காணாமலே ஒரே அப்பத்தைப் பகிர்ந்தனர். 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அது இடிக்கப்பட்டது. இடித்தது தவறு என்று வழக்குத் தொடுத்தவர்கள் உயர்நீதிமன்றம் வரை சென்றனர். சுவர் மீண்டும் எழவில்லை. இடிக்க வேண்டிய சுவரும் உண்டு என்று எழுதுகையில், இடிக்கக் கூடாததை இடித்த நம் கை நடுங்குகிறது. கட்டடக்கலை மாணவன் ஒருவன் அந்தக் கோயிலின் தள வரைபடத்தை முதன்முதலாகப் பார்த்தால், இரண்டு கூடங்கள் ஒரு பீடத்தில் கூடும் அமைப்பு எத்தனை புதுமை என்று வியக்கக் கூடும். அளவுநாடா அதற்கு மேல் சொல்லாது. யார் எங்கே நின்றார் என்று கேட்டால்தான் சுவர் பேசும்.

சேரன்மகாதேவிக்கும் அத்தகைய கதை ஒன்று உண்டு. வ.வே.சு. ஐயர் 1907இல் சட்டம் பயில இலண்டன் சென்றவர். பல மொழி இலக்கியங்களில் தோய்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். உலகைக் கண்டு வந்த அவர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் இவ்வூரில்தான் நடந்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவர்க்கு, பெற்றோரின் விருப்பத்திற்கு இணங்கி, தனியே உணவு பரிமாறப்பட்டது. 1924, 1925ஆம் ஆண்டுகளில் அது தமிழ்நாட்டையே உலுக்கிய விவாதமாயிற்று. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் சமபந்தி கோரினர். ஐயர் தம்மளவில் சாதி பாராட்டாதவர் என்பதை அவரை எதிர்த்தவரும் அறிவர். இருந்தும் ஓர் உணவுக்கூடத்தில் ஓர் இலையை எங்கே போடுவது என்னும் இடத்தில் அவ்வளவு உலக அனுபவமும் தயங்கி நின்றுவிட்டது. 1925 சூன் 3ஆம் நாள், இதே ஆற்றின் மேற்பகுதியில், பாபநாச அருவியில், மகளைக் காப்பாற்ற முயன்று அவர் உயிர் நீத்தார். அவரை இகழ நமக்குத் தகுதி இல்லை. நம் கோயில்களில் சுவர் இருந்தது.

இவ்வூரின் ஓரத்தில் ஆற்றை ஒட்டிப் பக்தவத்சலப் பெருமாள் கோயில் இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது; சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உடையது. இத்தகைய கோயில்களைக் காணத் தொலைநாட்டு மாணவரும் அறிஞரும் நம் ஆற்றங்கரைக்கு வருகின்றனர். அவர்களுக்கு நாம்தான் அயல்நாடு. தினமும் அந்த வழியே பேருந்தில் போகும் நம் பங்கு இளைஞரில் அங்கே ஒரு முறையேனும் நின்று பார்த்தவர் எத்தனை பேர்? 'அது அவர்கள் கோயில், நாம் எதற்கு' என்று கேட்பவர்க்கு, தூய பவுல் ஏதென்சில் செய்ததை நினைவூட்டுவோம். அவர் பேசத் தொடங்குமுன் அந்நகரத்தார் வழிபடும் இடங்களையெல்லாம் சுற்றிப் பார்த்தார், எழுத்துப் பொறித்த பீடம் ஒன்றைப் படித்தார், அதிலிருந்தே பேசினார். சிலைகளைக் கண்டு உள்ளம் கொதித்தவர்தாம் அவர். கொதித்த உள்ளத்தோடும் கூர்ந்து பார்த்தார் என்பதே வியப்பு.

ஞாயிறு வந்தது. தந்தையும் மகனும் வந்தார்கள். அனுப்புங்கள் என்றோம். நகையை முழுவதும் அடகு வைக்க வேண்டாம், ஒரு பகுதிக்கு நாம் ஏற்பாடு செய்கிறோம் என்றும் சொன்னோம். அது தருமம் அன்று, கடன். நம் பழைய கடன் என்றோம். கொத்தனார்க்கு அது விளங்கிற்றா என்று தெரியவில்லை. அந்த இளைஞனிடம் ஒன்று கேட்டுக்கொண்டோம். போகுமுன் இங்கே ஏதேனும் ஒரு கட்டடத்தை முழுவதும் அளந்து வரைந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். அங்கே போய் எதைப் பார்த்தாலும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாட்டி வீடு, பெருமாள் கோயில், எதுவானாலும் சரி.

அவன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அப்பா சொல்லுவாங்களே சாமி, பழைய கோயில். அதோட வரைபடம் இருக்கா?" என்று கேட்டான்.

இல்லை. இடிக்குமுன் அதை நாம் அளக்கவில்லை. ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. திருமணப் புகைப்படங்கள் சிலவற்றில் அதன் வாசல் மட்டும் மணமக்களுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும்.

"நான் சொல்லுதேன்" என்றார் கொத்தனார். பங்கு இல்லத்து முன் தாழ்வாரத்தில் குந்தி உட்கார்ந்து, சுண்ணாம்புக் கட்டியால் சிமிட்டித் தரையில் கோடு இழுத்தார். இது வாசல். இது தெக்குத் தாழ்வாரம், தூணு எட்டு. சுவரு கனம் ரெண்டு முழத்துக்கு விரக்கட ரெண்டு கொறவு. நான்தான் கல்லச் சொமந்தேன், தெரியும். பூசை உடுப்பு அணியும் அறைக்கு வாசல் கிழக்கிலா வடக்கிலா என்று அவர்க்கு மறந்துவிட்டது. நம்மைப் பார்த்தார். நாள்தோறும் அதன் வழியே சென்று வந்தவர்கள் நாம், நமக்கும் நினைவில்லை. அவ்விடத்தைக் கோடு இழுக்காமல் விட்டுவிட்டு அவர் பீடத்தை வரையத் தொடங்கினார். மகன் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து ஒரு முனையை நம் கையில் தந்தான். முழங்காலிட்டு அதைப் பிடித்துக்கொண்டோம்.